வெள்ளை அட்டையைப் பார்த்த கேமரா

"நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்ததுக்கு அப்புறம் யாராவது சந்தோஷமா இருந்திருக்காங்களா?"

டீச்சரிடம் ஒருமுறை இப்படிக் கேட்டவள் ஒரு நர்ஸ். காணாமல் போன கணவனைத் தேடித் தரச் சொல்லி வந்தவள். டீச்சர் தேடிக் கொடுத்தாள். அவன் பக்கத்து ஊரில், புது மனைவியோடு, புதுக் குழந்தைக்குத் தொட்டில் விலை விசாரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற கண்டக்டர்தான் வாயைத் திறந்தான்.

"ஒரு நாய்க்குட்டி வாலாட்டுச்சும்மா. அதையும் நான்தான் கண்டுபிடிச்சேன்."

அவளை ஊரே டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவள் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவள் பார்க்கும் பார்வைக்குக் கிடைத்த பெயர் அது. கண்டக்டர் மட்டும் நிஜமாகவே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். வாய் சும்மா இராததால் வேலை போய், அதே வாயோடு டீச்சரிடம் உதவியாளாக வந்து சேர்ந்தவன்.

இந்தத் தடவை வந்த கேஸ் விசித்திரமானது. எதுவும் திருட்டுப் போகவில்லை, எதுவும் உடையவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் கேஸ் கொடுக்க வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விரல்களைப் பிசைந்துகொண்டே பேசினார். லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பது அவருக்கு உத்தியோகம். அவர் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் இருந்தது.

"லிஃப்ட்காரர் வீட்டுக்கு லிஃப்ட் இல்ல" என்றான் கண்டக்டர், கடைசிப் படியில் மூச்சு வாங்கியபடி. "பல் டாக்டர் பொக்கை வாயோட சிரிக்கிற மாதிரி."

லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. கூடத்தைத் தாண்டி அவர்களை உள்ளறைக்கு அழைத்துப் போனார்.

அறை முழுக்க ஒயர்கள். மேசை நடுவே, ஒரு டிவிக்குப் பக்கத்தில், பெரிய பிஸ்கட் டப்பா. அதன் வயிற்றைக் கத்தரித்து, பழைய படம் காட்டும் கருவியிலிருந்து கழற்றிய லென்ஸைப் பொருத்தியிருந்தார். அதுதான் அவர் சொந்தமாகக் கட்டிய டெலிவிஷன் கேமரா. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடி ட்யூப் படுத்திருந்தது. அதைச் சுற்றிலும் கையால் சுற்றிய செம்புக் கம்பிக் காயில்கள்.

"லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் இந்த ட்யூபோட முகத்துல விழும் மேடம். பின்னாலேருந்து ஒரு மின்கதிர் அதை வரிவரியாப் படிக்கும். படிச்சதை அந்த டிவி திரும்ப எழுதும். அவ்வளவுதான் விஷயம். சொல்றதுக்கு அரை நிமிஷம். கட்டறதுக்கு அரை ஆயுசு."

கேமராவுக்கு எதிரே, அரை ஆள் உயரத்தில் ஒரு வெள்ளை அட்டை நின்றது. அதன் மேல் ஒரு பெரிய விளக்கின் வெளிச்சம் கண் கூசும்படி அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெறும் அட்டை டிவியில் வெள்ளையாகத் தெரிந்தது. ஆனால் நடுவே ஒரு கறை. சற்றுக் கோணலான கறுத்த சதுரம். அதற்குள் வெளிறிய ஒரு வட்டம். மேல்பக்கத்திலிருந்து அந்த வட்டத்தைத் தொட்டபடி நாலைந்து வெளிறிய கீற்றுகள்.

"எண்ணெய்ப் பலகாரம் மடிச்ச டிக்கெட் மாதிரி இருக்கு" என்றான் கண்டக்டர்.

"அதுதான் பிரச்சனை" என்றார் லிஃப்ட்காரர். "ரொம்ப நாள் மூடி வெச்சிருந்த கேமரா மேடம் இது. திரும்ப எடுத்தப்போ படம் ஒரே ஆட்டம். பவர் சப்ளைல கண்டென்சரை மாத்தினேன், ஆட்டம் நின்னுச்சு. மேசையைத் தட்டினா படத்துல அலை அடிச்சுது. முதல் ஆம்ப்ளிஃபையரை ரப்பர் மேல உக்கார வெச்சேன், அதுவும் போச்சு. கோடெல்லாம் கோணலா இருந்துச்சு. ட்யூபை வெளிய எடுத்து, காயிலைப் பிரிச்சுப் புதுசாச் சுத்தி, திரும்ப மாட்டினேன். கோடு நேராச்சு. அப்பதான் இந்தக் கறை வந்து உக்காந்துச்சு. எந்த சர்க்யூட்டை மாத்தினாலும் போகல."

"அதுக்குத்தான் இந்த வெள்ளை அட்டையா?"

"ஆமா மேடம். நல்ல வெளிச்சத்துல வெறும் வெள்ளையை நாள் முழுக்கப் பாத்துக்கிட்டிருந்தா, ட்யூப்ல இருக்கிற கறை கொஞ்சம் கொஞ்சமாக் கழுவிப் போயிடும். ஞாயித்துக்கிழமை பழைய கருவி சேர்க்கிற சங்கத்துலேருந்து பாக்க வர்றாங்க. அதுக்குள்ள போக்கணும்னு ஆரம்பிச்சேன். அன்னிலேருந்துதான் எதிரி வர ஆரம்பிச்சான்."

எதிரியின் வேலைகளை அவர் வரிசையாகச் சொன்னார். ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் விளக்கின் பல்பு பாதி திருகிக் கிடந்தது. இன்னொரு நாள் ஃப்யூஸைக் காணவில்லை. தேடினால் மேசை இழுப்பறையில், பஞ்சில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. அதற்கடுத்து லென்ஸுக்கு ஒரு மூடி மாட்டியிருந்தது. கறுப்புத் துணியில் தைத்து, சுருக்குக் கயிறு கோத்த மூடி.

டீச்சர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஓரம் மடித்து, பிசிறில்லாமல், பொடிப் பொடியாகத் தையல்.

"தையல் தெரிஞ்ச எதிரி" என்றான் கண்டக்டர். "அடுத்த தடவை வந்தா என் பேன்ட்டையும் மேசை மேல வெச்சிட்டுப் போங்க சார். இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தைக்கணும்."

"யாரு மேல சந்தேகம்?" என்று கேட்டாள் டீச்சர்.

"சந்தேகமே இல்ல. என் மச்சான்தான். டிவி ரிப்பேர்க் கடை வெச்சிருக்கான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் இதைக் கட்ட ஆரம்பிச்சோம். இப்ப பேச்சுவார்த்தை இல்ல. பழைய சாவி ஒண்ணு அவன்கிட்ட இருந்திருக்கும். நீங்க நிரூபிச்சு மட்டும் குடுங்க மேடம். போலீசுக்குப் போறேன். அதோட இந்த வீட்டுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. என் பொண்டாட்டிக்குத் தம்பின்னு ஒருத்தன் பொறக்கவே இல்லன்னு நெனச்சுக்கட்டும்."

அந்தச் சமயத்தில் அவர் மனைவி தண்ணீரோடு உள்ளே வந்தாள். தம்ளர்களை வைத்தாள். விருந்தாளிகளைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. போகும்போது டிவியை மட்டும் ஒரு தடவை, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"நாங்க ரெண்டு பேர்தான்" என்றார் லிஃப்ட்காரர். ரொம்ப வேகமாகச் சொன்னார்.

டீச்சர் அறைக் கதவின் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு பண்ணுங்க. இந்த அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போடுங்க. ஒரே சாவி. அது உங்க சட்டைப் பையை விட்டு வெளிய வரக் கூடாது. உள்ள எதையும் அணைக்காதீங்க. விளக்கு, கேமரா எல்லாம் ராத்திரி பகலா அப்படியே ஓடட்டும். வெளி ஆளா இருந்தா பூட்டுல கை வைப்பான். கீறலாவது விழும்."

"அப்படியே செய்யறேன் மேடம்" என்றார் அவர். முதல் தடவையாக முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "கறையும் சீக்கிரம் போயிடும்."

இரண்டு நாள் கழித்துக் காலையில் போனபோது அவர் கதவருகிலேயே காத்திருந்தார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வெள்ளை அட்டை ஜொலித்தது. டிவியில் அந்தக் கறுத்த சதுரம் நீர் விட்ட மையைப் போல வெளுத்திருந்தது.

"பாருங்க, பாதிக்கு மேல போயிடுச்சு! பூட்டைப் பாத்ததும் பயந்துட்டான். இன்னிக்கு ஒரு நாள் ஓடினா சுத்தமாப் போயிடும்." சந்தோஷமாகக் கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எனக்கு ட்யூட்டி இருக்கு மேடம். ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நடு மாடியில நின்னுபோச்சாம்."

கூடத்தின் மூலையில் அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகளைப் பெரிதாக்கியும் சின்னதாக்கியும் தைத்துத் தருவது அவள் வேலை. மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. லிஃப்ட்காரர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்டினார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. சும்மாதான் தொங்குது."

தையல் மெஷின் சட்டென்று நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது.

தெருவுக்கு வந்து கண்டக்டர் குடையை விரித்து டீச்சருக்குப் பிடித்தான். நாலு அடி போவதற்குள், "மழை வெளிய பெய்யுதா, குடைக்குள்ள பெய்யுதா?" என்று கத்தினான். அவன் தலைக்கு நேர் மேலே குடையில் ஒரு மடிப்புத் துணி முழுசாக இல்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. தண்ணீர் அளந்து ஊற்றுவதுபோல அவன் உச்சந்தலையில் இறங்கியது.

"எதிரி பாதிக் குடையைத் தின்னுட்டான் டீச்சர்."

டீச்சர் நடக்கவில்லை. மழையில் நின்றபடியே, முன்பு வாங்கி வைத்திருந்த அந்தக் கறுப்பு மூடியைக் கைப்பையிலிருந்து எடுத்துக் குடைத்துணியோடு சேர்த்துப் பிடித்தாள். அதே துணி. குடையில் மிச்சமிருந்த ஓரம் கத்தரியால் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது.

"வெளிச்சம் நுழையாத துணியாத் தேடியிருக்காங்க" என்றாள். "பழைய புடவையெல்லாம் விளக்குக்கு நேராப் பிடிச்சுப் பாத்திருப்பாங்க. ஒண்ணும் ஆகல. கடைசியில குடை."

"அப்போ…" கண்டக்டர் மூன்றாவது மாடியை நிமிர்ந்து பார்த்தான். "பூட்டுல கீறல் விழாததுக்கு இதுதான் காரணமா? இத்தனை நாளும் வீட்டுக்குள்ளேருந்தே நேரா உள்ள போயிருக்காங்க. புதுப் பூட்டு வந்ததும் வழி அடைஞ்சுபோச்சு."

"ஒரு எதிரி பஞ்சுல சுத்தி ஃப்யூஸை வைக்க மாட்டான் கண்டக்டர். அந்த அறையில சுத்தியல் கண்ணு முன்னாடி கிடக்கு. ஒரு தட்டுத் தட்டினா ட்யூப் தூள். இவங்க அதுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு பயந்து பயந்து செஞ்சிருக்காங்க."

"கேஸ் முடிஞ்சுது. பொண்டாட்டிதான். உலகத்துல பாதி கேஸ் இங்கதான் வந்து நிக்குது."

"ஏன்னு தெரியல. தெரியாம முடிஞ்சதுன்னு சொல்லாத. கூடப் பொறந்த தம்பியைத் திருடன்னு சொல்றப்பகூட அவங்க வாயைத் திறக்கல. நாம கேட்டா மட்டும் சொல்லிடுவாங்களா? வா, அந்தத் தம்பியைப் பாப்போம்."

மச்சானின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்தது. இரண்டு பக்கமும் முதுகு திறந்த டிவிகள். நடுவே சால்டரிங் புகைக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது.

"அத்தான் அனுப்பினாரா? திருடன்னு சொல்லச் சொன்னாரா?"

டீச்சர் கறுப்பு மூடியை மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"இது எங்கக்கா கையாச்சே. எங்க கிடைச்சுது?"

"கேமரா லென்ஸ்ல."

"சான்ஸே இல்ல. அக்கா அந்த அறைப்பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டா."

டீச்சர் கறையைப் பற்றிச் சொன்னாள். கோணலான கறுத்த சதுரம், நடுவே வெளிறிய வட்டம், மேலிருந்து வரும் கீற்றுகள். அவள் சொல்லச் சொல்ல அவர் ஒரு காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே வந்தார்.

"சர்க்யூட்ல தேடினா அது கிடைக்காது மேடம். அந்த மாதிரி ட்யூபுக்கே இருக்கிற வியாதி அது. ஒரே காட்சியை வாரக்கணக்கா அசையாமப் பாத்துக்கிட்டிருந்தா, அதை மறக்காது. காட்சியில வெள்ளையா இருந்த இடம் கறுப்பாவும், கறுப்பா இருந்த இடம் வெளுப்பாவும் உள்ளயே தங்கிடும். போட்டோ ஃபிலிம் மாதிரி."

"காயிலைச் சுத்தறதுக்காக ட்யூபை எடுத்து மாட்டினப்புறம்தான் கறை வந்ததாம்."

"முன்னாடியே இருந்திருக்கும். படம் ஆடின ஆட்டத்துலயும் கோணல்லயும் தெரிஞ்சிருக்காது. ட்யூப் உருண்டையா இருக்கு, எப்படித் திருப்பினாலும் உள்ள போகும். தலைகீழா மாட்டியிருப்பாரு. கேமரா காட்டற படம் நேரா இருக்கும், கறை மட்டும் தலைகீழா…"

அவர் தான் வரைந்த காகிதத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார்.

"அந்தக் கேமரா எதை வாரக்கணக்கா அசையாமப் பாத்துச்சு?" டீச்சர் கேட்டாள்.

அவர் சால்டரிங் இரும்பின் சுவிட்சை அணைத்தார். துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"பாப்பாவை" என்றார்.

கடைக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"அவங்களுக்கு ஒரே பொண்ணு மேடம். எட்டு வயசு. கடைசி அஞ்சாறு மாசம் படுத்த படுக்கை. அக்கா கட்டில் ஓரத்தை விட்டு நகரல. அத்தானால பாப்பா பக்கத்துல உக்கார முடியல. ஓடி ஓடி இந்த அறைக்கு வந்துடுவாரு. கடைசியில கேமராவைக் கொண்டுபோய் கட்டிலுக்கு நேரா மாட்டினாரு. இங்க உக்காந்து டிவியில பாப்பாவைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. படம் ஆடினா மூச்சு விடறது தெரியலம்பாரு. அதுக்காகவே ஒவ்வொரு சர்க்யூட்டா மாத்தினாரு. நானும் கூட நின்னு மாத்தினேன். பாப்பா போன அன்னிக்கு நான் வாய் அடங்காம ஒண்ணு சொல்லிட்டேன். 'சொந்தப் பொண்ணை டிவியில பாத்த அப்பன் நீ ஒருத்தன்தான்'னு. அன்னியோட பேச்சு போச்சு."

டீச்சர் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். சதுரம் வெள்ளைத் தலையணை. வட்டம் கறுத்த முடியோடு ஒரு சின்னத் தலை. கீழிருந்து எட்டி அந்தத் தலைமேல் ஒரு கை.

"அந்தக் கறையை எடுக்கத்தான் வெள்ளை அட்டை வெச்சிருக்காரு" என்றாள் டீச்சர். "விளக்கு ரெண்டு நாளா அணையாம எரியுது. அணைக்கிறவங்க உள்ள போக முடியாம பூட்டு போடச் சொன்னது நான்."

மச்சான் பாய்ந்து போனை எடுத்தார். அக்கா வீட்டு எண்ணைச் சுழற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரும் எடுக்கல. போன் அந்த அறைக்குள்ளதான் இருக்கு."

அவர்கள் மூவரும் மாடிப்படிகளை ஏறியபோது கண்டக்டருக்கு மூச்சு வாங்கவில்லை. அல்லது வாங்கியதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

பூட்டிய அறைக் கதவின் முன்னால், தரையில், லிஃப்ட்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கதவடியில் விளக்கு வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாகக் கசிந்தது. அந்தக் கோட்டின் மேல் ஒரு மடித்த துணியை வைத்து அடைத்திருந்தாள். அதனால் உள்ளே ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. பக்கத்தில் தையல் கத்தரி முனை ஒடிந்து கிடந்தது. காலையில் கீறலில்லாமல் இருந்த பூட்டில் இப்போது நூறு கீறல்.

"தள்ளிக்கங்கக்கா" என்றான் கண்டக்டர். அம்மிக் குழவியை எடுத்து வந்து ஒரே அடியில் தாழ்ப்பாளைப் பெயர்த்தான்.

டீச்சர் முதலில் விளக்கை அணைத்தாள். அறை திடீரென்று இருட்டியது போலிருந்தது. ஜன்னல் வழியாக வந்த மழைநாள் வெளிச்சத்தில் டிவி மட்டும் மங்கலாக மினுங்கியது.

லிஃப்ட்காரரின் மனைவி டிவிக்கு முன்னால் போய், இடுப்பை வளைத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு, திரையைத் தலைகீழாகப் பார்த்தாள். பழக்கப்பட்டவளைப் போலச் செய்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"மேசைக்கு அடியில கூட்டறதுக்குக் குனிஞ்சேன்" என்றாள், நிமிராமலே. "குனிஞ்சப்போ இது கண்ணுல பட்டுச்சு. தலைகாணியில படுத்திருந்தா. எப்பவும் படுக்கிற மாதிரியே."

"அக்கா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் மச்சான்.

"சொன்னா நீ இங்க வருவ. வந்தா சண்டை வரும். சண்டையில அவருக்குத் தெரிஞ்சுடும்." அவள் நிமிர்ந்தாள். "அவ போன வாரத்துலயே கட்டிலைக் குடுத்துட்டாரு. சட்டை, ரிப்பன், சிலேட்டு, ஒண்ணு விடல. போட்டோவெல்லாம் கட்டி எங்க கொண்டுபோய்ப் போட்டாரோ, இன்னிக்கு வரைக்கும் தெரியல. கண்ணுல பட்டா தாங்க மாட்டேங்கறாரு. இது யாருன்னு தெரிஞ்சா இதையும் முதல்ல தூக்கிப் போட்டுடுவாருன்னு…"

டீச்சர் அவள் அருகே போனாள். "பூட்டு போடச் சொன்னது நான்தாம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

படியில் காலடிச் சத்தம். லிஃப்ட்காரர் நனைந்த மழைக்கோட்டோடு வாசலில் நின்றார். பெயர்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"கையும் களவுமா மாட்டினியா? சொன்னேன்ல மேடம்? உடைச்சுக்கிட்டே உள்ள வந்துட்டான் பாருங்க!"

"உடைச்சது நான் சார்" என்றான் கண்டக்டர். "அவர் இல்ல. அவர் எப்பவுமே இல்ல."

டீச்சர் சுற்றி வளைக்கவில்லை. மச்சான் வரைந்த காகிதத்தை லிஃப்ட்காரர் கையில் கொடுத்து, திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். யார் விளக்கை அணைத்தது, யார் மூடி தைத்தது, எதற்காக என்று நாலு வார்த்தையில் சொன்னாள். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மழைக்கோட்டிலிருந்து சொட்டிய நீர் அவர் காலைச் சுற்றித் தேங்கியது.

"சும்மா சொல்றீங்க" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீ பாத்தியா? அவளா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நான் என்னவோன்னு நெனச்சேன்… தூசின்னு… ட்யூப் கெட்டுப்போச்சுன்னு…" அவர் மழைக்கோட்டைக் கழற்றாமலே மேசைக்குப் பாய்ந்தார். "இருங்க. இரு. கொண்டு வந்துடலாம். முழுசாப் போயிருக்காது. நான் கொண்டு வர்றேன்."

ஸ்க்ரூவைத் தளர்த்தி ட்யூபைக் காயிலுக்குள் அரை வட்டம் திருப்பினார். கறுப்பை வெள்ளையாக, வெள்ளையைக் கறுப்பாக மாற்றும்படி இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார். அவசரத்தில் சால்டர் சட்டையில் சொட்டியது. மச்சான் வந்து பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்துக்கொண்டார். விளக்கை ஏற்றி, கைக்குட்டையால் மூடி மங்கலாக்கினார்கள். லிஃப்ட்காரர் வோல்டேஜைக் கூட்டினார். ஆம்ப்ளிஃபையரைக் கூட்டினார். கூட்டக் கூட்ட, அவர் அத்தனை நாள் விரட்டிய ஆட்டமும் அலையும் இரைச்சலும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவற்றை அவர் கவனிக்கவே இல்லை. அவருக்கு வேண்டியது அந்தக் கறை.

"எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது" என்றார், யாரிடமோ. "அன்னிக்கு. இவ கட்டில்ல தலை சாச்சுத் தூங்கிட்டா, கையை எடுக்காமலே. நான் இங்க பாத்துக்கிட்டிருந்தேன். படம் நல்லா இருந்துச்சு. அவ்வளவு தெளிவா அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. போர்வை ஏறி எறங்கறது தெரியும். அது நின்னதை நான்தான் பாத்தேன்."

மச்சான் ஒயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரையில், இரைச்சலுக்கு நடுவே, ஏதோ எழுந்து வந்தது. எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

தலையணையின் ஒரு மூலை. மடிந்த போர்வை ஓரம். பிறகு, கீழேயிருந்து நீண்டு, விரல் விரலாக ஒரு கை. அது மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கை எந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததோ, அந்த இடத்தில் எதுவும் இல்லை. லிஃப்ட்காரர் ஆசைப்பட்ட மாதிரியே, துளிக் கறையில்லாமல் சுத்தமாக இருந்தது.

"பாப்பா அப்பப்போ தலையைத் திருப்பியிருக்கா அத்தான்" என்றார் மச்சான் தாழ்ந்த குரலில். "அதனால ஆழமாப் பதியல. முதல்ல போயிடுச்சு. அக்கா கைதான் அசையவே இல்ல."

"இல்லடா. இன்னும் கொஞ்சம் கூட்டினா வரும். அந்தக் குமிழைப் பிடி. விளக்கை இன்னும் மங்கலாக்கு."

கண்டக்டர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முனையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவர் மனைவி திரைக்கு நேரே நின்று அந்தக் கையைப் பார்த்தாள். இப்போது தலைகீழாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கூடத்துக்குப் போனாள். தையல் மெஷினில் பாதி ஓடியிருந்த சட்டையை எடுத்து, நூலைக் கடித்து அறுத்து, மடித்து வைத்தாள். ஊசிக்கு மேல் எரிந்த சின்ன விளக்கை அணைத்தாள். வாசலில் செருப்பை மாட்டினாள்.

"இப்ப பாரு" என்றார் லிஃப்ட்காரர், குமிழைத் திருகியபடி, திரும்பிப் பார்க்காமல். "நெத்தி தெரியற மாதிரி இருக்கு. தெரியுதா உனக்கு? சொல்லு, இன்னும் கூட்டவா?"

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மூன்று மாடிப் படிகளையும் இறங்கிப் போனாள்.